முத்லக்கின் இதயம் நலமாகத்தான் இருக்கிறது

"வயித்த வெட்டித் தக்மீம் பண்ணிக்கிட்டாரே, டிரைவிங் டெஸ்ட் எடுக்குற முத்லக், அவரு ஹார்ட்டு நின்னுபோச்சாம்."

ஸபாஹியா மார்க்கெட்டில் ரொட்டிக் கடை வரிசையில் நின்றபடி இதைச் சொன்னவர், அந்த முத்லக்கை நேரில் பார்த்தவரில்லை. அவருடைய மச்சினனுக்கு முடி வெட்டுகிறவர் சொன்னாராம். முடி வெட்டுகிறவருக்கு யார் சொன்னார்கள் என்று யாரும் கேட்கவில்லை. அப்படிக் கேட்கிற வழக்கமும் இல்லை. வரிசையில் அவருக்கு முன்னால் துணிப்பையோடு நின்றிருந்து, திரும்பிப் பார்த்தவர்தான் முத்லக்.

"யாரு, அந்தக் குண்டு ஆளா?" என்று கேட்டார் முத்லக்.

"குண்டுன்னா நம்ம வீட்டுக் குண்டு இல்லைங்க. அவரு ஏறி உக்காந்தா காரே ஒரு பக்கமா சாயுமாம். என் கொழுந்தியாள ரெண்டு தடவ ஃபெயிலாக்கினவரு. 'கார நேரா ஓட்டலன்னு ஃபெயில் போடுறாரு, அவரு எறங்கிட்டா அது தானா நேராப் போகும்'னு அவ திட்டிக்கிட்டே வந்தா."

முத்லக்குக்குச் சிரிப்பு வந்தது. இந்தச் சாய்வு ஜோக்கை அவர் பல உருவங்களில் கேட்டிருக்கிறார். இது கொஞ்சம் நல்ல உருவம்.

"இப்ப எப்படி இருக்காராம்?"

"மெஷின்ல வெச்சிருக்காங்களாம். பெருநாளன்னிக்கு அவங்க வீட்டுத் திவானியாவுல, அத்தன விருந்தாளிங்க முன்னாடி, நின்ன நெலையில சாஞ்சிட்டாரு. ஏங்க, வயித்துல முக்காவாசிய வெட்டிப் போட்டா ஹார்ட்டுக்கு எங்கிருந்து சத்து ஏறும்? யோசிக்க வேணாம்?"

"அதுவும் சரிதான்."

"அவங்க அண்ணன் ஷம்லான் கெட்டிக்காரரு. அவருக்கும் இந்த ஞாயித்துக்கெழம தேதி குறிச்சிருந்தாங்களாம். தம்பி விழுந்ததப் பாத்துட்டு, வேணவே வேணாம்னு சொல்லிட்டாராம். பொழச்சாரு மனுசன்."

சிரிப்பு வந்த வழியே போய்விட்டது. தன் இதயம் நின்ற செய்தியை முத்லக் தாங்கிக்கொண்டார். அண்ணன் வேண்டாம் என்று சொன்னது அவருக்குப் புதுச் செய்தி.

"நான்தான் முத்லக்," என்றார்.

அந்த மனிதர் அவரை மேலும் கீழும் பார்த்தார். தோளிலிருந்து தொளதொளவென்று தொங்கிய அங்கியைப் பார்த்தார். பிறகு முதுகில் ஒரு தட்டுத் தட்டிச் சிரித்தார். "நல்ல ஆளுங்க நீங்க! ஒரு நிமிஷம் நம்பிட்டேன்."

ரொட்டி வந்தது. முத்லக் வாங்கிக்கொண்டு காருக்குப் போனார். சூடான ரொட்டியைப் பக்கத்து இருக்கையில் வைத்தார். கதவைச் சாத்திக்கொண்டு சாவியைத் திருகாமல் உட்கார்ந்திருந்தார்.

அந்தப் பக்கத்து இருக்கைதான் அவருடைய உத்தியோகம். இருபது வருடமாக, ஓட்டக் கற்றுக்கொண்டவர்களின் பக்கத்தில் உட்கார்ந்து, இடது, வலது, நிறுத்து என்று சொல்லிவந்திருக்கிறார். ஊரில் அவரைக் கண்டு பயப்படாத குடும்பம் குறைவு. ஓட்டும்போது ஒரு கையால் கைப்பேசியைத் தொட்டவனை அந்த இடத்திலேயே இறக்கிவிடுவார். சலுகை கிடையாது. சொந்த மாமன் மகனை இறக்கிவிட்டு, அன்று மதியம் அதே மாமன் வீட்டில் உட்கார்ந்து மீனும் சோறும் சாப்பிட்டவர்.

உடம்பு வளர வளர அந்த இருக்கை சின்னதாகிக்கொண்டே போனது. முதலில் பெல்ட் இழுத்தால் எட்டியது. பிறகு மூச்சை உள்ளே பிடித்தால் எட்டியது. பிறகு எப்படிப் பிடித்தாலும் எட்டவில்லை. பெல்ட் போடாதவனை ஃபெயிலாக்க வேண்டிய ஆள், பெல்ட்டைக் கையால் இழுத்து மடியில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஒரு நாள் பயந்து நடுங்கிக்கொண்டிருந்த ஒரு பெண், வண்டியை எடுப்பதற்கு முன் அவரைப் பார்த்து, "ஐயா, பெல்ட்டு," என்றாள். சட்டப்படி அவள் சொன்னது சரி. அவர் அவளுக்குப் பாஸ் போட்டார். வீட்டுக்கு வந்து மனைவி ஸபீகாவிடம் சொன்னார். ஸபீகா சிரிக்கவில்லை.

"ராத்திரி நீங்க மூச்சு விடுறப்ப நான் முழிச்சிருக்கேன்," என்றாள். "விடாம நிறுத்துறப்பவும் முழிச்சிருக்கேன்."

அப்போது அவர் எடை நூற்று அறுபது கிலோவைத் தாண்டியிருந்தது. ரத்த அழுத்தத்துக்கு மூன்று மாத்திரை, சர்க்கரைக்கு இரண்டு. கணுக்காலை விரலால் அழுத்தினால் பள்ளம் அப்படியே நின்றது. இரண்டு மாடி ஏறினால் நடுவில் நின்று சுவரில் மாட்டியிருக்கும் படத்தை ரசிப்பதுபோல் நடிக்க வேண்டும். அவருடைய தகப்பனார் ஐம்பத்து மூன்றில் போனார், இதயம். சித்தப்பா ஐம்பதில், இதயம். அண்ணன் ஷம்லானுக்கு ஐம்பது ஆவதற்குள்ளேயே இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்தாயிற்று. குடும்பத்தில் ஆண்கள் நாற்பத்தைந்தைத் தாண்டும்போது பேச்சைக் கொஞ்சம் குறைத்துக்கொள்வார்கள்.

இதய டாக்டர் அபீர் அவருடைய இதயத்தைத் திரையில் காட்டிய நாளில், முத்லக் முதல்முறையாக அதைப் பார்த்தார். கறுப்பு வெள்ளையில் ஏதோ ஒன்று தண்ணீருக்கடியில் கையை மூடி மூடித் திறப்பதுபோல இருந்தது.

"உங்க வீட்டு மொட்டமாடித் தொட்டிக்குத் தண்ணி ஏத்த மோட்டார் இருக்குல்ல?" என்று கேட்டாள் அபீர். ரிக்காவில் அவர்களுக்கு அடுத்த தெருப் பெண்தான். சின்ன வயதில் முத்லக் வீட்டு மதில்மேல் ஏறி விழுந்து கையை ஒடித்துக்கொண்டவள். அந்த உரிமையில் அதட்டுவாள். "அது ரெண்டு மாடிக்குன்னு போட்ட மோட்டாரு. நீங்க அதே மோட்டார வெச்சுக்கிட்டு மேல மேல மாடி கட்டிக்கிட்டே போயிருக்கீங்க. அது என்ன பண்ணும்? முக்கும். முக்கி முக்கி அதோட சுவரு தடிச்சிருக்கு. தடிச்சா பலம்னு நெனைக்காதீங்க. தடிச்ச சுவரு சரியா விரியாது. விரியலன்னா ரத்தம் நுரையீரல் பக்கம் தேங்கும். அதான் உங்க மூச்சு."

"மாத்திரைய ஏத்திக் குடேன்."

"ஏத்தியாச்சு. இனிமே மாடிய இடிக்கணும்."

தக்மீம் என்றால் அந்த ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. வயிற்றை நீளவாக்கில் வெட்டி, வாழைப்பழம் அளவுக்கு ஒரு குழாயாக விட்டுவிட்டு, மீதியை எடுத்துவிடுவார்கள். ஆண்கள் கூடிப் பேசும் கூடமான திவானியா எதில் பத்துப் பேர் உட்கார்ந்தாலும் அதில் இரண்டு பேராவது செய்துகொண்டவர்களாக இருப்பார்கள். அவர்கள் தேநீரை எப்படி மெல்ல உறிஞ்சுகிறார்கள் என்பதை வைத்தே கண்டுபிடித்துவிடலாம். பெரும்பாலும் கல்யாணத்துக்கு முன்னாலோ, அங்கி தைக்கிற கடைக்காரன் முகம் சுளித்த பிறகோ செய்துகொள்வார்கள். இதயத்துக்காகச் செய்துகொள்கிறேன் என்று முத்லக் சொன்னபோது திவானியாவில் ஒருவர், "அழகுக்குன்னு சொல்லிட்டுப் போயேன், நாங்க என்ன பொண்ணா பாக்கப் போறோம்," என்றார்.

ஆகஸ்டில் ஆபரேஷன் நடந்தது. முதல் மாதம் அவர் பட்ட பாடு தனி. தண்ணீரைக்கூட ஒரு வாய்க்குமேல் குடிக்க முடியாது. முடி கொட்டியது. ஒரு நாள் பழைய ஞாபகத்தில் இரண்டு கவளம் சேர்த்து விழுங்கிவிட்டு, கக்கூஸ் தரையில் உட்கார்ந்து, தன்னை யாரோ உள்ளேயிருந்து முறுக்குகிறார்கள் என்று ஸபீகாவிடம் முறையிட்டார்.

பெரிய சங்கடம் விருந்தில் வந்தது. விருந்து கொடுக்கிறவர் தட்டிலிருந்து கையை எடுத்தால் விருந்தாளிகளும் எடுத்துவிடுவார்கள். அது மரியாதை. முத்லக்கின் வயிறு நாலாவது வாயில் நிரம்பிவிடும். அதனால் மற்றவர்கள் சாப்பிட்டு முடிக்கும்வரை, சோற்றை விரல்களால் உதிர்த்து, கறியிலிருந்து எலும்பைப் பிரித்து, அதைப் பக்கத்தில் இருப்பவர் பக்கம் தள்ளி, வேலை செய்துகொண்டே இருக்கக் கற்றுக்கொண்டார். "முத்லக் இப்பதான் நல்லா உபசரிக்கிறான்," என்று பெரியவர்கள் பாராட்டினார்கள்.

எட்டு மாதத்தில் ஐம்பது கிலோ போயிற்று. சர்க்கரை மாத்திரை முழுக்க நின்றது. பெல்ட் எட்டியது. அது 'க்ளிக்' என்று பூட்டிய காலை, தேர்வுக்கு வந்த பையன் ஏன் இந்த ஆள் தனக்குத்தானே சிரிக்கிறார் என்று பயந்து, வண்டியை நடைபாதைமேல் ஏற்றிவிட்டான்.

அண்ணன் ஷம்லான் இதையெல்லாம் தூர இருந்து பார்த்துக்கொண்டிருந்தார். தூரம் என்றால், திவானியாவில் எதிர்ப்பக்கத்துத் திண்டு. முத்லக்கைவிட ஆறு வயது மூத்தவர், பழைய முத்லக்கைவிட இருபது கிலோ கூடுதல். மூன்று தலையணை வைத்து, முகமூடி மாட்டி, ஒரு மெஷின் காற்றை ஊதினால்தான் அவர் தூங்க முடியும். ஸ்டென்ட் வைத்த பிறகு அவருடைய இதயம் பாதி வேலைதான் செய்கிறது என்று அபீர் சொல்லியிருந்தாள். வாய் மட்டும் முழு வேலை செய்தது.

"உன் பாதிய எங்கடா தொலைச்ச? போலீஸ்ல புகார் குடு," என்பார் எல்லோர் முன்பும். "ஸபீகா ஒரு ஆளக் கட்டினா. இப்ப யாரு வீட்டுல இருக்கான்னு அவளுக்கே தெரியாது."

மார்ச் மாதம், எல்லோரும் போன பிறகு, ஷம்லான் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். செருப்பு கண் முன்னால்தான் இருந்தது. அது கொஞ்சம் தள்ளிக் கிடந்ததால், குனிந்து இழுக்க முடியாமல், காலால் துழாவிக்கொண்டிருந்தார். முத்லக் குனிந்து எடுத்துக் காலடியில் வைத்தார். அவர் குனிந்து நிமிர்ந்ததை ஷம்லான் பார்த்தார். மூச்சு வாங்கவில்லை என்பதைப் பார்த்தார்.

"வலிச்சுதா?" என்று கேட்டார், குரலைத் தாழ்த்தி.

"எது அண்ணே?"

"என்னமோ எதுன்னு தெரியாத மாதிரி."

"ரெண்டு நாள். அப்புறம் பசிக்காம இருக்கிறதுதான் கஷ்டம். என்ன பண்றதுன்னே தெரியாது."

ஷம்லான் செருப்பை மாட்டிக்கொண்டார். "அந்த மதில்ல ஏறி விழுந்த பொண்ணுகிட்ட எனக்கும் ஒரு நாள் கேட்டு வை," என்றார்.

அபீர் கேட்டுவிட்டு உடனே சந்தோஷப்படவில்லை. "அவருக்கு மயக்க மருந்தே ஆபத்துதான். அத மறைக்க மாட்டேன்," என்றாள். "ஆனா இப்படியே விட்டா அதவிட ஆபத்து. ஏற்கனவே குழாயில படிஞ்சத எந்த ஆபரேஷனும் கரைக்காது. எடை எறங்கினா மேல படியுறது குறையும், குழாயோட வெறப்பு கொஞ்சம் இளகும், அந்தப் பலவீனமான ஹார்ட்டுக்குச் சுமை குறையும். கோடைக்குள்ள பண்ணிடணும். அம்பது டிகிரி வெயிலயும் இந்த ஒடம்பையும் சேத்து அது தாங்கும்னு எனக்குத் தோணல." சர்ஜன், மயக்க மருந்து டாக்டர், அபீர் மூவரும் உட்கார்ந்து பேசி, பெருநாளுக்குப் பிறகு இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை என்று முடிவு செய்தார்கள்.

இடையில் நோன்பு வந்தது. நோன்பு மாதத்தில் ஊரே பகலை இரவாகவும் இரவைப் பகலாகவும் மாற்றிக்கொள்ளும். முத்லக்கின் காலை மாத்திரைகளும் இடம் மாறின. விடியலுக்கு முன் ஸஹர் உணவோடு அவற்றை விழுங்கிவிட்டு, பகல் முழுக்கத் தண்ணீர் இல்லாமல் இருந்தார். நோன்பு திறந்த பிறகு குடித்துச் சரிக்கட்டலாம் என்றால், அந்தக் குழாய் வயிறு சரிக்கட்ட விடவில்லை. மடக்கு மடக்காகத்தான் உள்ளே போகும். அந்த மாத்திரைகளில் ஒன்று உடம்பிலிருந்து நீரை இறக்குவது, ஒன்று துடிப்பைக் குறைப்பது, ஒன்று அழுத்தத்தை இறக்குவது. மூன்றும் நூற்று அறுபது கிலோ ஆளுக்காக எழுதியவை. நோன்புக்கு முன் வந்து அளவைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்று அபீர் சொல்லியிருந்தாள். தேர்வு மையத்தில் கூட்டம் என்று அவர் போகவில்லை. கடைசிப் பத்து நாள் எழுந்து நிற்கும்போதெல்லாம் கண் இருட்டியது. நோன்பு என்று நினைத்துக்கொண்டார்.

பெருநாள் காலை. ஒரு மாதப் பழக்கத்தில் விடியலுக்கு முன் விழிப்பு வந்தது. கை தானாகப் போய் மாத்திரைகளை எடுத்து வாயில் போட்டது. தொழுகை முடிந்து வீட்டுக்கு வந்ததும், இனி எல்லாம் பழையபடி என்ற சந்தோஷத்தில், ஸபீகா தட்டில் பேரீச்சம்பழமும் காபியும் காலை மாத்திரையும் வைத்து நீட்டினாள். அவர் அதையும் விழுங்கினார். ஊரில் பாதிப் பேர் அன்று காலை இரண்டு தடவை சிற்றுண்டி தின்றிருப்பார்கள். அதே கணக்கில் இவர் இரண்டு தடவை மாத்திரை தின்றார்.

திவானியாவில் பெருநாள் வாழ்த்துச் சொல்ல ஆட்கள் வரத் தொடங்கினார்கள். ஒவ்வொருவர் வரும்போதும் உட்கார்ந்திருப்பவர்கள் எழுந்து நிற்க வேண்டும். கட்டிப்பிடித்து, மூக்கை மூக்கில் தொட்டு, நலம் கேட்டு, உட்கார வேண்டும். உட்கார்ந்தவுடன் அடுத்தவர் வருவார். ஷம்லானுக்கு முட்டியும் மூச்சும் இடம் கொடுக்காததால், பாதி எழுவதுபோல் ஒரு அசைவு காட்டிவிட்டுத் திண்டிலேயே இருந்தார். அவருக்கும் சேர்த்து முத்லக் எழுந்தார். போன வருடம் வரை அவரும் பாதி எழுந்தவர்தான். இந்த வருடம் துள்ளி எழுந்தார். அதைக் காட்டிக்கொள்வதில் அவருக்கு ஆசையும் இருந்தது. தண்ணீர் குடிக்க நேரமில்லை. சின்னக் கிண்ணத்தில் காபி மட்டும் போய்க்கொண்டிருந்தது.

முன்பு அவர்கள் பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருந்த பெரியவர் வாசலில் தெரிந்தார். முத்லக் எழுந்தார். எழுந்தது ஞாபகம் இருக்கிறது. வாத்தியார் இரண்டாகத் தெரிந்ததும் ஞாபகம் இருக்கிறது.

அவர் விழுந்தது அண்ணன் மடியில்.

ஷம்லான் தம்பியின் முகத்தை ஒரு சாண் தூரத்தில் பார்த்தார். அது சுண்ணாம்புபோல வெளுத்திருந்தது. உதட்டில் ரத்தமே இல்லை. நகர முடியாத அந்தப் பெரிய மனிதர் மடியில் தம்பியை ஏந்திக்கொண்டு, ஆம்புலன்ஸ் வரும்வரை, "எழுந்திருடா, எல்லாரும் பாக்குறாங்க," என்று சொல்லிக்கொண்டே இருந்தாராம். வந்த ஆம்புலன்ஸ்காரர் மணிக்கட்டைப் பிடித்துவிட்டு, "துடிப்பு ரொம்பக் கொறைவா இருக்கு," என்றார். அங்கே நின்றவர்கள் அத்தனை பேர் கையிலும் கைப்பேசி இருந்தது. முத்லக் ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் செய்தி நாட்டின் மறுகோடியில் இருக்கும் ஜஹ்ராவுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. துடிப்பு குறைவு என்று கிளம்பியது, வழியில் எங்கோ நின்றுவிட்டது என்று ஆகிவிட்டது.

ஆஸ்பத்திரியில் நரம்பில் உப்புத் தண்ணீர் ஏற்றினார்கள். மதியத்துக்குள் அவர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். மறுநாள் அபீர் வந்து, மாத்திரைக் கதையைக் கேட்டுவிட்டு, தலையில் கை வைத்துக்கொண்டாள். பிறகு மறுபடி திரையில் இதயத்தைக் காட்டினாள்.

"பாத்துக்குங்க. சுவரோட தடிப்பு கொறைஞ்சிருக்கு. நல்லா விரியுது. கழுத்து ரத்தக் குழாயும் முன்னைவிட இளகியிருக்கு. மாடிய இடிச்சாச்சு, மோட்டார் நிம்மதியா ஓடுது. நீங்க என்னடான்னா பழைய மாடிக்குப் போட்ட மருந்த, அதுவும் ரெட்டிப்பா... உங்க ஹார்ட்டு சுகமானதாலதான் நீங்க விழுந்தீங்க. புரியுதா?"

புரிந்தது. மூன்றில் இரண்டை நிறுத்தினாள். மீதி ஒன்றைப் பாதியாக்கினாள். இரண்டாம் நாள் வீட்டுக்கு அனுப்பிவிட்டாள்.

இப்போது காரில் உட்கார்ந்து, ஆறிக்கொண்டிருக்கும் ரொட்டியைப் பார்த்தபடி, முத்லக் யோசித்தார்: இதை நான் அண்ணனிடம் சொன்னேனா?

ஷம்லான் ஆஸ்பத்திரிக்கு வரவில்லை. அந்த நீளமான வராந்தாவை அவரால் நடந்து கடக்க முடியாது. போன் செய்தார். எப்படி இருக்கே என்று கேட்டார். முத்லக் என்ன சொன்னார்? "அல்ஹம்துலில்லாஹ், நல்லா இருக்கேன், ஒண்ணுமில்ல." அண்ணன் ஸபீகாவிடமும் கேட்டார். அவளும், "அல்ஹம்துலில்லாஹ், ஒண்ணுமில்ல." வீட்டுக்கு வந்த பிறகு விசாரித்த எல்லோருக்கும் அதே பதில். அந்த ஊரில் நோயைப் பற்றிக் கேட்டால் வேறு பதில் கிடையாது. காலை வெட்டி எடுத்திருந்தாலும் ஒண்ணுமில்ல, இறைவனுக்கே புகழ்.

தகப்பனாரும் அதையேதான் சொன்னார். கட்டிலில், மூக்கில் குழாயோடு, நகம் நீலம் பாரித்திருக்க, கேட்ட ஒவ்வொருவரிடமும், நல்லா இருக்கேன், ஒண்ணுமில்ல என்றார். ஷம்லான்தான் அப்போது பக்கத்தில் இருந்தார். வாப்பா அன்று மாலை வரை சொல்லிக்கொண்டிருந்தார், அதன்பிறகு சொல்லவில்லை.

ஷம்லான் அந்தப் பதிலை எப்படி எடுத்துக்கொண்டிருப்பார் என்பது முத்லக்குக்கு இப்போதுதான் உறைத்தது. மாத்திரை என்ற வார்த்தையே அவர் காதுக்குப் போகவில்லை. அவருக்குத் தெரிந்ததெல்லாம் மடியில் கிடந்த வெள்ளை முகமும், துடிப்பு குறைவு என்ற சொல்லும், வாப்பா சொன்ன அதே பொய்யும்தான்.

முதலில் ஆபரேஷன் தேதிகளைக் கவனிக்கிற நர்ஸுக்குப் போன் செய்தார்.

"ஆமா, நேத்து அவரே போன் பண்ணி வேணாம்னாரு," என்றாள் அவள். "டாக்டர் அபீர் கூப்பிட்டுப் பாத்தாங்க, எடுக்கல. நான் இன்னும் பேர எடுத்துடல. ஆனா மதியம் லுஹர் தொழுக வரைக்கும்தான் வெச்சிருக்க முடியும். அடுத்து காத்திருக்கிறவங்களுக்குச் சொல்லணும். அதுக்கப்புறம் சர்ஜன் லீவுல போறாரு. செப்டம்பர்தான்."

"நான் சொல்றேனே, அவர் வருவாரு. எழுதிக்கோ."

"நீங்க சொன்னா ஆகாதுங்க. அவர் வாயால சரின்னு வரணும்."

அடுத்து அண்ணி முனீராவுக்கு.

"அவரா? நேத்து சாயங்காலமே ஹிரான் கடற்கரை வீட்டுக்குக் கெளம்பிட்டாரு," என்றாள் முனீரா. "மீன் பிடிக்கிறேன்னாரு. தூண்டில இங்க விட்டுட்டுப் போயிருக்காரு. என்கிட்ட ஒரு வார்த்த பேசல. நீ எப்படி இருக்க?"

"அல்ஹம்துலில்லாஹ்..." என்று வந்ததைப் பாதியில் நிறுத்தினார். "அண்ணி, தனியாவா போனாரு?"

"தனியாத்தான்."

"தூங்குற மெஷின எடுத்துட்டுப் போனாரா?"

மறுமுனையில் முனீரா நடக்கிற சத்தம் கேட்டது. ஒரு கதவு திறந்தது.

"இங்கதான் இருக்கு முத்லக்," என்றாள். "கட்டில் பக்கத்துல. முகமூடியும் இங்கதான் இருக்கு."

"நான் பேசுறேன் அண்ணி. நீங்க வைங்க."

வண்டியைக் கிளப்பி ஹிரானுக்கு விடலாம். முக்கால் மணி நேரம் ஆகும். லுஹருக்கு அதற்குமேல் கொஞ்சம்தான் இருந்தது. ஓட்டிக்கொண்டே பேசலாம். ஊரில் எல்லோரும் அப்படித்தான் பேசுகிறார்கள். அவரால் முடியவில்லை. இருபது வருடம் அதற்காக ஆட்களை நடுரோட்டில் இறக்கிவிட்ட கை, ஸ்டியரிங்கைத் தொடாமல் கைப்பேசியைத் தொட்டது. பேசிவிட்டுக் கிளம்புவது என்று வைத்துக்கொண்டார்.

என்ன சொல்வது என்று மனதுக்குள் ஒரு முறை ஓட்டிப் பார்த்தார். நல்லா இருக்கேன் என்று தொடங்கினால் அண்ணன் அந்த நிமிடமே வைத்துவிடுவார். அதனால் கெட்டதையெல்லாம் முதலில் சொல்வது. அண்ணே, எனக்கு முடி கொட்டிப்போச்சு. வயித்துத் தோலு மடிஞ்சு தொங்குது, குளிக்கிறப்ப எனக்கே அருவருப்பா இருக்கு. தண்ணிய ஒரு மடக்குக்கு மேல குடிக்க முடியல. பித்தப்பையில கல்லு வரலாம்னு சொல்லியிருக்காங்க. மச்பூஸ் கறிச்சோறு ஒரு தட்டு முழுசாத் திங்கிற மாதிரி கனவு வருது. உனக்கு மயக்க மருந்து ஆபத்துன்னு அபீர் சொன்னது நெஜந்தான். பெருநாளன்னிக்கு நான் விழுந்தது என் முட்டாள்தனம், மாத்திரைய ரெண்டு தடவ முழுங்கிட்டேன், ஸபீகாவக் கேளு, வெக்கப்படுறா. இதையெல்லாம் அடுக்கிவிட்டு, கடைசியில், அவர் நம்பத் தொடங்கிய பிறகு, ஹார்ட்டு மட்டும் நல்லா இருக்குண்ணே என்று சொல்வது.

எண்ணை அழுத்தினார். மணி போனது. முழுதும் போய் நின்றது.

ரொட்டிக் கடை வரிசை நகர்ந்திருந்தது. அந்த மனிதர் தன் ரொட்டியை வாங்கிக்கொண்டு போகிற வழியில், காருக்குள் இருந்தவரைப் பார்த்துக் கையை ஆட்டி, "முத்லக்! ஹார்ட்ட பாத்துக்கோங்க!" என்று சிரித்துக்கொண்டே போனார்.

முத்லக் கையை உயர்த்திக் காட்டினார். அதே கையால் மறுபடி அழுத்தினார். அண்ணன் இன்னும் எழுந்திருக்கமாட்டார். அல்லது படுத்தபடியே யார் கூப்பிடுகிறார்கள் என்று பார்த்துவிட்டு அப்படியே வைத்திருப்பார். அல்லது கைப்பேசி ஒரு அறையில் கிடக்க, அவர் கடற்கரையில் இருப்பார். மூன்றில் ஒன்றுதான். நாலாவதை அவர் நினைக்க மறுத்தார்.

ஹிரானுக்குக் கிளம்ப, ஒரு கையால் பெல்ட்டை இழுத்து மாட்டினார். இன்னொரு கையில் கைப்பேசியைக் காதோடு வைத்திருந்தார். மணி போய்க்கொண்டிருந்தது.